பத்து டாலர் வைரம்!

ஆபீஸில் நீங்கள் கிறுக்குகிற பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும், நகைக்கடை கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணடிக்கிற வைரமும் ஒரே சரக்குதான் சார். ரெண்டுமே கார்பன்! அப்புறம் ஏன் ஒன்று மூன்று ரூபாய், இன்னொன்று மூன்று லட்சம்? நான் பி.காம். ஆசாமி. எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

கார்பன் அணுவுக்கு நாலு கை. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு கையையும் நாலு திசையில் நீட்டி, பக்கத்து அணுக்களை இறுக்கிப் பிடித்திருக்கும். அசைக்க முடியாது. கிராஃபைட்டில் மூன்று பேரோடு மட்டும்தான் கைகோர்ப்பு. அதனால் தாள் தாளாக அடுக்கியிருக்கும். தாளுக்கும் தாளுக்கும் பிடிப்பு ரொம்பக் கம்மி. எழுதும்போது அதுதான் வழுக்கி வந்து பேப்பரில் ஒட்டிக்கொள்கிறது. மிச்சமிருக்கிற நாலாவது கை? அது சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் (எல்லா ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் உண்டே!). ஆனால் அந்த ஊர்சுற்றியால்தான் கிராஃபைட்டில் கரண்ட் பாய்கிறது. வைரத்தில் பாயாது.

சரி, அந்த நாலாவது கையையும் பிடிக்க வைத்துவிட்டால் கரி வைரமாகிவிடாதா? ஆகும். ஆக்கியவரின் கதையைக் கேட்டால் சம்பளக்காரர்களுக்கு ரத்தம் கொதிக்கும்.

டிரேசி ஹால். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் கெமிஸ்ட். அவருக்கு வாய்த்தது ஒழுகுகிற பழைய 400 டன் பிரஸ். அதற்குள் வைக்க, 'பெல்ட்' என்று ஒரு கருவியைத் தானே வடிவமைத்தார். 1954 டிசம்பர் 16. காற்றழுத்தத்தைப்போல சுமார் லட்சம் மடங்கு அழுத்தம், 1,600 டிகிரி சூடு. உள்ளே வைத்ததை உடைத்துப் பார்த்தால்... மினுக், மினுக்! மனிதருக்குக் கை நடுங்கி, முழங்கால் தளர்ந்து, உட்கார்ந்தேவிட்டார். (ஸ்வீடனில் ஒரு கம்பெனி 1953-லேயே பண்ணிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தது தனிக்கதை.)

1955-ல் கம்பெனி ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தது. ஹாலுக்குக் கிடைத்த சன்மானம், வழக்கமான சம்பளத்துக்கு மேல் 10 டாலர் சேமிப்புப் பத்திரம். பத்தாயிரம் இல்லை சார், பத்து! எங்கள் பக்கத்து மளிகைக்கடையில் தீபாவளிக்குப் பையனுக்கு இதைவிடத் தாராளமாகக் கொடுப்பார்கள்.

அதே வருஷம் வேலையை உதறிவிட்டு, பிரிகாம் யங் யுனிவர்சிட்டிக்கு வாத்தியாராகப் போனார். அங்கே போனால், 'பெல்ட் ராணுவ ரகசியம் மாதிரி, தொடாதே!' என்று அரசாங்கத்தின் தடை. தான் பெற்ற பிள்ளையைத் தானே தூக்கக்கூடாது!

ஹால் கோர்ட்டு, கச்சேரி என்று அலையவில்லை. பெல்ட்டை விட்டுவிட்டு, வேறு தினுசாக ஒரு மெஷினை யோசித்தார். நாலு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நசுக்குகிற பிரஸ்.

நாலு கை கார்பனோடு பழகிய தோஷம்!