குழம்பு கொதித்தாச்சு... கறி வெந்தாச்சா?

குட்டீஸ்! ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அடுப்பில் கோழிக் குழம்பு தளதளவெனக் கொதிக்கிறது. வாசனை மூக்கைத் துளைக்கிறது. "கொதிச்சிடுச்சே, சாப்பிடலாமா?" என்று கேட்டால், "இரு, கறி வேகட்டும்" என்கிறார் அம்மா. குழம்பு கொதிப்பதும் கறி வேகுவதும் ஒன்றில்லையா? இல்லை! ஏன் என்று பார்ப்போமா?

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

ஒரு டம்ளரிலும் ஓர் அண்டாவிலும் 80 டிகிரி செல்சியஸ் வெந்நீர் இருக்கிறது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். ஆனால், அண்டாத் தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு நேரம் அடுப்பு எரிந்திருக்கும்! அதற்குள் இருக்கும் வெப்பம் மிக அதிகம்.

கறியும் அப்படித்தான். சின்னத் துண்டுக்குக் கொஞ்சம் வெப்பம் போதும். பெரிய கோழிக்காலுக்கு நிறைய வேண்டும். அதுவும் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் போகும். அதனால் குழம்பு 100 டிகிரியில் கொதிக்கும்போதும், துண்டின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கலாம்.

தீயைக் கூட்டினால்?

பலன் இல்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரியைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் நீராவிதான் அதிகம் போகும், கேஸ் வீணாகும். ஊட்டி போன்ற உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கறி வேக இன்னும் நேரமாகும்.

இதற்கு வழி பிரஷர் குக்கர். நீராவியை உள்ளேயே அடைத்து வைப்பதால் வெப்பநிலை சுமார் 120 டிகிரி வரை உயர்கிறது. இதன் முன்னோடியை 1679-ல் உருவாக்கியவர், பிரான்சில் பிறந்த டெனிஸ் பாப்பின். எலும்பையே மெதுவாக்கிக் காட்டினார் அவர்!

உள்ளே என்ன நடக்கிறது?

சுமார் 50 டிகிரியில் கறியிலுள்ள புரதங்கள் உருமாறத் தொடங்கும். 65 டிகிரியைத் தாண்டினால் அவை சுருங்கி, தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். அதிக நேரம் வறுத்த கோழி நெஞ்சுக்கறி சக்கையாவது இதனால்தான். ஆட்டுக்கறியில் 'கொலாஜன்' என்ற உறுதியான புரதம் அதிகம். அது 70 டிகிரிக்கு மேல், நேரம் எடுத்து மெல்லக் கரையும். மட்டன் பஞ்சுபோல வேக நேரமாவது அதனால்தான்.

நிறம் ஏமாற்றும்!

பச்சைக் கோழிக்கறியில் 'சால்மோனெல்லா' போன்ற கிருமிகள் இருக்கலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் எல்லாம் தரும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் அவை அழிந்துவிடும்.

சூடான எண்ணெயில் பொரித்தால் வெளியே சீக்கிரம் பொன்னிறமாகிவிடும். உள்ளே வேகாமல் இருக்கலாம். எலும்பருகே சிவப்பாக இருந்தாலும் வெந்திருக்கலாம். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இறைச்சி வெப்பமானியைத் துண்டின் தடித்த பகுதியில் குத்திப் பார்ப்பதே உறுதியான வழி. அது இல்லாவிட்டால், துண்டுகளை ஒரே அளவாகச் சிறிதாக வெட்டி, மிதமான தீயில் நிதானமாக வேகவிடச் சொல்லுங்கள்.

சமைத்த கறியை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்ததை மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தே சாப்பிடணும். பச்சைக் கறியைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

செய்து பாருங்க!

பெரியவர்கள் துணையோடு, ஒரு முழு உருளைக்கிழங்கையும், சிறு துண்டுகளாக வெட்டிய இன்னொன்றையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். 10 நிமிடம் கழித்து இரண்டையும் வெளியே எடுத்து, முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். எது சுலபமாக உள்ளே இறங்குகிறது? காரணத்தை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!