எதிர் லைட்டு கூசுதா? சாவியை எடுக்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். 68 வயது விவசாயி ஒருவர், கமிட்டியில் மல்லாட்டையைப் போட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் டிராக்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் ரோட்டின் ஓரம் தெரியவில்லை. இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்க, டிரெய்லர் புளியமரத்தில் உரசி நின்றது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. 'கமிட்டிப் பணம் கைக்கு வந்ததும் கடைக்குப் போயிட்டு வந்திருப்பார்' என்று ஊரில் பேச்சு. குடிப்பழக்கமே இல்லாத மனிதர் அவர்.

பத்து நாள் கழித்து மருமகள் பிடிவாதமாகக் கண் முகாமுக்கு அழைத்துப் போனார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. 'இப்ப வர்ற வண்டிக்காரன் எல்லாம் ஹைபீம் போட்டுட்டு வர்றான், கண்ணு கூசுது' என்று இரண்டு வருடமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வீட்டில் அதை மற்ற ஓட்டுநர்கள் மீதான புகாராகக் கேட்டார்களே தவிர, நோயின் அறிகுறியாகக் கேட்கவில்லை.

புரை விழுந்த கண்ணில் வெளிச்சம் நேராகப் போகாமல் சிதறும். அதனால்தான் பகலில் வரப்பும் வாய்க்காலும் தெளிவாகத் தெரிகிற ஒருவருக்கு, இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டதும் ரோடே மறைந்துபோகிறது. புரை இல்லாவிட்டாலும், 60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண் நீர் அழுத்த நோய் இதைவிட மோசமானது. வலி இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுவிடும். நேரே பார்ப்பது சரியாக இருப்பதால் ஓட்டுபவருக்கே தெரியாது. சந்திலிருந்து ஓடிவரும் கன்றுக்குட்டியும் சைக்கிள் சிறுவனும் 'திடீரென்று' முளைத்ததுபோல் இருக்கும்.

அடுத்தது சர்க்கரை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, 'மடை திருப்பிட்டு வந்து சாப்பிடலாம்' என்று வெறும் வயிற்றோடு மொபெட்டை எடுப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இப்படிச் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடுமாறும். வண்டியை ஓரமாக நிறுத்தி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் உட்கார வேண்டும். தெளிந்த பிறகும் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். மொபெட் பெட்டியில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். டிராக்டர் ஓட்டும் பெரியவர் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறார் என்றால், பிரேக்கில் கால் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி இருக்கிறது. உழவில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்டதை, ரோட்டுக்கு ஏறும்போது கொக்கி போட்டு இணைக்க மறந்தால், அவசரத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தி வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். மறதி கூடுகிற வயதில் இதை வழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்: வயல் வாசலில் நின்று, கொக்கி போட்டு, அப்புறம்தான் ரோடு.

சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் செட்டிரிசின், குளோர்பெனிரமின் மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். வயதானவர்களுக்கு அந்த மந்தம் மறுநாள் காலைவரைகூட நிற்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்களிடம், 'இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

விவசாயிக்கு மட்டுமே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் உடம்பில் ஏறினால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். பார்வை மங்கும், தலை வலிக்கும், வியர்க்கும். ஏற்கெனவே வெளிச்சம் குறைவாகப் போகிற கண்ணுக்கு, சாயங்காலம் மருந்து அடித்த கையோடு ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். மருந்து அடித்த அன்று குளித்து, துணி மாற்றி, வேறு யாராவது ஓட்டப் பின்னால் உட்கார்ந்து வருவதே சரி. மங்கலும் வியர்வையும் இருந்தால், மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மெயின் ரோட்டிலிருந்து வலது பக்கம் வயல் பாதைக்குத் திரும்பும் இடம் தனிக் கவனம் கேட்கிறது. கழுத்து வலியால் திரும்பிப் பார்க்க முடியாது. பல வருடம் டிராக்டர் சத்தம் கேட்ட காதுக்குப் பின்னால் வரும் ஹாரன் எட்டாது. மொபெட் கண்ணாடியோ எப்போதோ கழற்றி வீசப்பட்டிருக்கும். 40 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் வந்துவிடும். இரண்டு கண்ணாடிகளையும் மாட்டுங்கள். இடது ஓரம் நின்று, இரு பக்கமும் ரோடு காலியான பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஓட்டுநர் உரிமத்தை 55 வயதுக்குமேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்துப் போடும் படிவம் 1ஏ தேவை. 25 மீட்டர் தூரத்தில் கார் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது கேட்கிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. முத்திரை குத்தி வாங்கும் காகிதமாக அதைப் பார்க்காமல், உண்மையாகவே சோதிக்கச் சொல்லுங்கள். உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டிவரும். விபத்தானால் இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

சாவியைப் பிடுங்குவது சுலபம். மகன் திருப்பூரில், மருமகள் நூறு நாள் வேலையில் என்றிருக்கும் வீட்டில், சொசைட்டிக்குப் பாலும் கடைக்கு உரமும் அவரால்தான் நகர்கின்றன. சாவி போனால் வயலும் போயிற்று என்று பெரியவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே 'இனிமே ஓட்டாதீங்க' என்று தொடங்குவதைவிட, 'ஆறு மணிக்குமேல் வேண்டாம், மெயின் ரோடு வேண்டாம்' என்று தொடங்கலாம். வண்டியில் புதுக் கீறல்கள், பழகிய திருப்பத்தில் தடுமாற்றம் என்று தென்பட்டால் மட்டும் தயங்காமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

அந்த 68 வயதுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். டாக்டர் சம்மதித்த பிறகு பகலில் மறுபடி ஓட்டுகிறார். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். கமிட்டியில் இருட்டிவிடும் நாட்களில் மட்டும் பக்கத்து நிலத்துக்காரர் மகன் ஓட்டுகிறான். டீசல் செலவு பெரியவருடையது.