சுண்ணாம்பு இல்லாத சுண்ணாம்பு மலை
பாட் செகெபெர்க், வட ஜெர்மனி

இந்தக் குன்றின் பெயர் கால்க்பெர்க். சுண்ணாம்பு மலை என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கல்லை உரசிப் பார்க்கவில்லை போலும், இது ஜிப்சம் பாறை. உள்ளே இருக்கும் குகை 1913-இல்தான் கண்ணில் பட்டது. குளிர்காலத்தில் இதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட வௌவால்கள் உறங்குகின்றன. யார் எண்ணியது என்கிறீர்களா? வாசலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் உண்டு. அவற்றைக் கடக்கும் ஒவ்வொரு வௌவாலும் கணக்கில் ஏறும்.

உறங்கும் வௌவாலின் உடல் குகையைப் போலவே சில்லிட்டுப்போகும். இதயத் துடிப்பும் வெகுவாகக் குறையும். இலையுதிர்காலத்தில் தின்று சேர்த்த கொழுப்புதான் வசந்தம்வரை கட்டுச்சோறு. நடுவில் திடுக்கிட்டு விழித்தால் அது வீணாகக் கரையும். அதனால்தான் அக்டோபர் முதல் மார்ச் வரை குகை பூட்டியிருக்கும். அப்போது வருபவர்கள் பக்கத்திலுள்ள நோக்டாலிஸ் மையத்தில், அரையிருட்டில் பறக்கும் வெப்பமண்டல வௌவால்களைப் பார்க்கலாம்.