கார்டு வரலே... வேலை போச்சு!

சாயந்திரம் வீடு திரும்பியதும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலை. கரண்டு பில் இருக்கும். கடை விளம்பரம் இருக்கும். வரவேண்டிய கார்டு மட்டும் இருக்காது!

அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் பேருக்கு 2 வருடத்துக்கு ஒரு முறை வரும் தலைவலி இது.

சின்ன வயதில் அப்பா, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டுக்குள் வந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். படித்தது, வளர்ந்தது எல்லாம் அமெரிக்காவில்தான். ஆனால் குடியுரிமை கிடையாது.

ஒபாமா அறிவிப்பு

2012-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அதிபர் ஒபாமா இவர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தார். 16 வயது ஆவதற்குள் வந்தவர்களை இப்போதைக்கு நாடு கடத்த மாட்டோம், வேலை பார்க்க கார்டும் தருவோம் என்றார். அந்தத் திட்டத்தின் பெயர் 'டாக்கா'. (வங்காளதேசத் தலைநகரம் அல்ல, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்!)

கார்டுக்கு ஆயுள் 2 வருடம்தான். அது முடிவதற்கு 4, 5 மாதம் முன்பே புதுப்பிக்க மனு போடும்படி குடியேற்ற இலாகா சொல்கிறது. 2024 ஏப்ரலில் கட்டணம் 495 டாலரில் இருந்து உயர்ந்தது. கம்ப்யூட்டர் வழியாகப் போட்டால் 555 டாலர், தாளில் எழுதிப் போட்டால் 605 டாலர்.

மனு சில நேரம் சில வாரங்களில் முடிந்துவிடும். சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும். சீக்கிரம் முடிந்தாலும் முழுச் சந்தோஷம் இல்லை. புதிய 2 வருடக் கணக்கு உத்தரவு போட்ட நாளிலிருந்தே ஆரம்பம். பழைய கார்டில் பாக்கி இருந்த நாட்கள் கோவிந்தா!

"நாளையிலிருந்து வராதே"

அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரில் இப்படி ஒரு நர்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மனு போட்டு 5 மாதம் ஆகிறது. இன்றோடு கார்டு காலாவதி. மேனேஜர் கூப்பிடுகிறார்.

"உன் வேலையிலே ஒரு குறையும் இல்லேம்மா. ஆனா நாளையிலிருந்து வராதே. கார்டு வந்ததும் வா."

மேனேஜர் மீது குற்றம் சொல்ல முடியாது. கார்டு இல்லாதவரை வேலைக்கு வைத்திருந்தால் 1986-ம் ஆண்டு சட்டப்படி முதலாளிக்கு அபராதம்.

வேலையோடு போவது சம்பளம் மட்டுமல்ல. அங்கே பலருக்கு வைத்தியச் செலவுக்கான இன்சூரன்சும் வேலையோடு ஒட்டியது. கார் ஓட்டும் லைசென்சும் கார்டு தேதியோடு சேர்ந்து முடியும். கார் இல்லாமல் கடை கண்ணிக்குக்கூடப் போக முடியாத ஊர் அது!

வீட்டில் இரண்டு குழந்தைகள். அமெரிக்காவிலேயே பிறந்ததால் அவர்கள் குடிமக்கள். அம்மாவுக்கோ வேலை செய்ய அனுமதி இல்லை. "ஏம்மா, இன்னிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகலியா?" என்று பிள்ளை கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

ஒரு வருடம் தாண்டினால்...

கட்டணத்துக்குப் பணம் புரளாமல் மனுவைத் தள்ளிப்போட்டால் இன்னும் ஆபத்து. கார்டு முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் அது புது மனு ஆகிவிடும். 2021 ஜூலையில் டெக்சாஸ் கோர்ட்டு புது மனுக்களுக்கு அனுமதி கொடுக்கத் தடை போட்டது. ஆயிரக்கணக்கானோர் அப்படியே வரிசையில் நின்றுபோனார்கள்.

ரேஷன் கார்டுக்கு ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

அந்த நர்சின் மனுவை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. "முடியாது" என்று யாரும் சொல்லவில்லை. "பரிசீலனையில் இருக்கிறது" என்பதுதான் பதில். ஒருநாள் கார்டும் வந்துவிடும், வேலையும் திரும்பக் கிடைக்கலாம். இடையில் போன சம்பளத்தையும், ஏறிப்போன வாடகை பாக்கியையும் யார் கொடுப்பார்கள்?

அடுத்த 2 வருடம் எண்ண ஆரம்பித்தாயிற்று. மறுபடியும் தபால் பெட்டி!