இருபது ரூபாயும் நம் உரிமையே!

வேலையற்றோர் உதவித்தொகை 2006-இல் கலைஞர் ஆட்சி தந்தது. பட்டதாரிக்குத் திங்கள்தோறும் 600 ரூபாய், நாளுக்கு 20. போதுமா? போதாது, அதை அரசிடமே சொல்வோம். ஆனால் அந்த இருபதும் கைக்கு வராமற்போவதேன்?

ஆலங்குடித் தோழர்களே, வேலைவாய்ப்புப் பதிவை 3 ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தீர்களா? பதிந்து 5 ஆண்டு காத்திருந்தவருக்கே தொகை. நடுவே பதிவு அறுந்தால் காத்ததெல்லாம் காற்றோடு! தொகை பெறத் தொடங்கியபின் ஆண்டுதோறும் சுயஉறுதிமொழி ஆவணம் தரவேண்டும். மறந்தால் பணம் நிற்கும். விண்ணப்பத்துக்கு விலையில்லை, தரகனுக்கு அங்கே வேலையில்லை.

வங்கிக் கணக்கை 2 ஆண்டு தொடாதிருந்தால் அது முடங்கும். உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்டால் கொடாதீர்! 2024 ஏப்ரல் முதல் கட்டணம் கூடாதென்பது ரிசர்வ் வங்கி ஆணை. ஆதாரோடும் பாஸ்புத்தகத்தோடும் போங்கள். கிளைக் கழகத் தோழர் ஒருவர் உடன்செல்லட்டும். வங்கி வாசலில் தயங்கி நிற்பவர் நம்மவரே.