மெட்டு இறங்கும் ஜீப்

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் அனுமந்தன்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அதற்கு அந்தப் பக்கம் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிற ஜீப்புகள் இந்தப் பள்ளத்தாக்கின் பிழைப்போடு கலந்தவை. பெஜோ டீசல் எஞ்சினோடு வந்த மகிந்திரா எம்.எம். 540 போன்ற பழைய வண்டிகளை ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் இருந்தால் வாசலிலேயே பிரித்து மாட்டலாம். அதனாலேயே வயதாகியும் அவை ஓடுகின்றன.

பழைய ஜீப்பை வாங்கியவர்கள் முதலில் செலவழிப்பது பெரும்பாலும் டயருக்கும் லைட்டுக்கும்தான். முதல் காசு பிரேக்குக்குப் போக வேண்டும் என்பேன்.

ஆட்களோடு 2 டன் எடையுள்ள ஜீப் 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 20 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஆறரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் கூடாமல் பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால், அதில் பெரும்பங்கு டிரம்மிலும் லைனிங்கிலும் சூடாக இறங்கும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது இதனால்தான். அந்தச் சுமையில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் பஞ்சாகி, சக்கரத்துக்கு அழுத்தமே போகாது.

எனவே பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டு ஏர் எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் ஒரு டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். “மிதி தம்பி... விடாம பிடி!” என்றதும் நிப்பிளைத் தளர்த்தினால், கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில் குமிழியோடு வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். குமிழி நின்று தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும்.

பெரிய டயர் ஆசைக்கும் ஒரு கணக்கு உண்டு. 28 அங்குல டயரை 31 ஆக்கினால், அதே பெடல் அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் பிரேக் பிடிப்பு 10 சதவீதம் குறையும். எஞ்சின் பிடிப்பும் அதே அளவில் குறையும். ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

வேலை முடிந்து முதல் மெட்டு இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி, நான்கு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடில்லாமல் இருந்தால் அங்கே வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம். அதன் வேலையை மற்ற மூன்றும் சுமந்திருக்கின்றன.