விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு கோப்பு

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று என்றாலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு தொகுக்கப்பட்ட அட்டவணைகளில் கல்வராயன்மலையின் வெள்ளிமலை இன்றும் விழுப்புரம் மாவட்டத்து ஊராகவே இருக்கிறது. அட்டவணையில் பிழையில்லை, தான் எந்தக் காலத்துக்கு உரியது என்று அது தானாகச் சொல்லாததுதான் சிக்கல்.

அத்தகைய ஊர்ப்பட்டியல் ஒன்று பதிப்பு மேலாண்மை மென்பொருளில், அதாவது கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் படிப்படியாகச் சேமித்துவைக்கும் மென்பொருளில் இருப்பதாகக் கொள்ளலாம். வெள்ளிமலைக் கோப்பை விழுப்புரம் கோப்புறையிலிருந்து கள்ளக்குறிச்சிக் கோப்புறைக்கு மாற்றினால், சப்வெர்ஷன் என்னும் மென்பொருள், அது எந்தப் பதிப்பின் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் சேர்த்தே பதிகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் அப்படி எதையும் பதிவதில்லை. ஒரு கோப்பு மறைந்து இன்னொன்று தோன்றியிருப்பதைக் கண்டு, வரலாற்றைக் கேட்கும்போது இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டு, பாதியளவேனும் ஒத்திருந்தால் பெயர்மாற்றம் என்று ஊகித்துக்கொள்கிறது. ஆகவே சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்குக் குடிபெயரும்போது கோப்புகள் முழுமையாக வந்து சேர்ந்தாலும், இடமாற்றக் குறிப்பு போன்ற மீத்தரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு, வழியிலேயே நின்றுவிடுகிறது. பயனர்பெயர் மட்டுமே இருந்த இடத்தில் கிட் முழுப்பெயரும் மின்னஞ்சலும் எதிர்பார்ப்பதால், இரண்டையும் இணைக்கும் பட்டியலைக் கையால் எழுதித் தரவேண்டிய சலிப்பூட்டும் வேலையும் உண்டு.

கோப்புகளையும் அவற்றின் வரலாற்றையும் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தின் வடிவமே மாறும்போது சிக்கல் கூடுகிறது. கிட் தான் சேமிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த கைரேகை போன்ற எண்ணையே பெயராக இடுகிறது. ஷா-1 என்னும் கணிப்பு முறையில் அப்பெயர் 40 குறிகள் கொண்டது. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யு.ஐ. ஆய்வு நிறுவனமும் ஒரே கைரேகை கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டிய பின், 64 குறிகள் கொண்ட ஷா-256-க்கு மாறும் முயற்சி வேகம் பெற்று, 2020 அக்டோபரில் வெளியான 2.29 பதிப்பில் சோதனை நிலையில் இடம்பெற்றது. புதிய களஞ்சியத்தைப் பழைய கிட் திறந்து, தெரிந்த பாவனையில் எழுதத் தொடங்கினால் அது சிதைந்துவிடும். இதைத் தடுப்பது கான்ஃபிக் என்னும் சிறு உரைக்கோப்பில் வடிவப் பதிப்பைக் குறிக்கும் ஒற்றை இலக்கம்: பழைய வழக்கப்படி 0, அது 1 ஆக இருந்தால், கூடவே பட்டியலிடப்பட்ட நீட்சிகளில் ஒன்றை அறியாத மென்பொருளும் களஞ்சியத்தைத் தொடாமல் விலகிவிட வேண்டும். கிட்டின் வடிவமைப்பில் மிகச் சிக்கனமான, மிகப் பயனுள்ள வரி இதுவே எனலாம்.

இரு கணினிகள் தரவு பரிமாறும்போதும் இதே ஒழுங்குதான். தரவை வழங்கும் கணினி தனக்குத் தெரிந்த திறன்களை முதலில் அறிவிக்க, கேட்கும் கணினி அவற்றுக்குள் நின்றே வேண்டுகோள் விடுக்கிறது. எழுத்துக் குறிமுறையில் மட்டும் கிட் சற்றுத் தாராளமாக இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதப்படும் குறிப்பு யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் இல்லையெனில் குறிமுறையின் பெயரைத் தலைப்பு வரியில் எழுத இடமுண்டு. எழுதாவிட்டால் எச்சரித்துவிட்டு அப்படியே சேமித்துக்கொள்கிறது. திஸ்கி போன்ற பழைய குறிமுறையில் தட்டச்சிட்ட 'வெள்ளிமலை' அவ்வாறு பெயரின்றி உள்ளே போனால், எடுத்துப் பார்ப்பவருக்குக் கேள்விக்குறிகளும் கட்டங்களுமே தெரியும்.